ஒரே ஆண்டில் பிறந்த மூன்று ட்ரம்பெட் கலைஞர்கள்

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் க்ளிஃபோர்ட் பிரவுனுக்குப் பின் வந்த லீ மோர்கன், புக்கர் லிட்டில், ஃப்ரெடி ஹப்பர்ட் ஆகிய மூவரின் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டுவருவதாகவும், மூவரும் ஒரே ஆள் வாசிப்பதுபோல் ஒலிப்பதாகவும், அவர்களைக் காதால் பிரித்தறிய வழி உண்டா, எந்தப் பதிவில் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. ஆனால் ஒரே ஆள்போல் ஒலிக்கிறார்கள் என்ற உங்கள் முதல் எண்ணத்திலும் பிழையில்லை. அதிலிருந்து தொடங்குவதே சரி. லிட்டில் 1938 ஏப்ரல் 2இல் மெம்ஃபிஸில் பிறந்தார். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 7இல், இண்டியானாபோலிஸில் ஹப்பர்ட் பிறந்தார். அதே ஆண்டு ஜூலை 10இல் ஃபிலடெல்ஃபியாவில் மோர்கன் பிறந்தார். பிரவுன் இறந்த 1956 ஜூன் மாதத்தில் முதல் இருவருக்கும் வயது 18. மோர்கனுக்குப் பதினெட்டு நிறைய இரண்டு வாரம் இருந்தது. கையில் கருவியும் காதில் பிரவுனுமாக வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஆகவே மூவரின் பேச்சிலும் ஒரே ஊர் வாடை அடிப்பது இயல்பு. அந்த ஊர் எது என்று தெரிந்துகொண்டால், ஒவ்வொருவரும் அங்கிருந்து எந்தத் திசையில் நடந்தார் என்பது மெல்லக் கேட்கத் தொடங்கும்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாக்ஸபோனில் விரல்களுக்குச் சாவிகள் நிறைய உண்டு. ட்ரம்பெட்டில் மூன்றே வால்வுகள். ஒரே விரல் நிலையில் பல ஸ்வரங்கள் ஒளிந்திருக்கும், அவற்றில் எது வெளியே வர வேண்டும் என்பதை உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமும் தீர்மானிக்கின்றன. சார்லி பார்க்கர் நாற்பதுகளில் சாக்ஸபோனில் வகுத்த வேகமான, வளைந்து நெளியும் இசைவரிகளை ட்ரம்பெட்டில் வாசிக்க முயன்றால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழம்பிவிடும். டிஸ்ஸி கில்லெஸ்பி உச்ச ஸ்தாயியாலும் துணிச்சலாலும் அந்தத் தடையைக் கடந்தார். ஃபேட்ஸ் நவாரோ நாதத்தின் பருமனைக் குறைக்காமலேயே கடந்தார். ஆனால் காசநோயும் ஹெராயினும் சேர்ந்து 1950 ஜூலையில், 26 வயதில், அவரைக் கொண்டுபோயின. நவாரோ விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சென்றவர் பிரவுன். எத்தனை வேகத்தில் போனாலும் அவருடைய ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, கோத்த முத்துப்போல் உருண்டு வருவதை 1954இல் பதிவான 'ஜாய் ஸ்பிரிங்'கில் கேட்கலாம். நாதஸ்வரக்காரர்கள் துத்துகாரம் என்று சொல்லும் நாவின் தட்டு அவரிடம் அத்தனை சுத்தம்.

பிரவுன் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் 1930 அக்டோபர் 30இல் பிறந்தவர். கல்லூரியில் கணிதம் படித்தவர். 1950இல் நேர்ந்த ஒரு கார் விபத்து அவரை ஏறத்தாழ ஓர் ஆண்டு படுக்கையில் கிடத்தியது. அதனால் அவர் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்த காலம் 1952 முதல் 1956 வரையிலான நான்கே ஆண்டுகள். 1953இல் லயனல் ஹாம்ப்டனின் குழுவோடு ஐரோப்பா சென்றபோது, வெளியே பதிவு செய்யக் கூடாது என்ற தடையை மீறி, குழுவின் இளைஞர்கள் இரவோடு இரவாகக் கூடங்களுக்குப் போய்ப் பதிந்த பாரிஸ் தட்டுகள் இன்றும் புத்தம் புதிதாக ஒலிக்கின்றன. 1954 பிப்ரவரி 21இல் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் இசை விடுதியில் ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியோடு வாசித்ததை ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் நேரடியாகப் பதிந்தது. அதே ஆண்டு ட்ரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து கூட்டாகத் தொடங்கிய ஐவர் குழுவே அவருடைய முழுமை. ஒரே ஒரு தட்டு வேண்டும் என்றால் 1955 பிப்ரவரியில் பதிவான 'ஸ்டடி இன் பிரவுன்' ஆல்பத்தை எடுங்கள். அதிலுள்ள 'செரோக்கீ' மூச்சுமுட்டும் வேகத்தில் போகும், ஆனால் பிரவுனுக்கு மூச்சு முட்டாது.

1956 ஜூன் 26 அதிகாலை, பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் மழையில் கார் கவிழ்ந்தது. பிரவுனும், குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும், காரை ஓட்டிய பவலின் மனைவி நான்சியும் இறந்தார்கள். பிரவுனுக்கு 25 வயது. அன்று அவருக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைந்த நாள். அவர் கடைசி இரவில் ஃபிலடெல்ஃபியாவின் ஓர் இசைக்கடையில் வாசித்த பதிவு என்று சொல்லி 1973இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'தி பிகினிங் அண்ட் தி எண்ட்' தட்டை நீங்களும் கேட்டிருக்கக் கூடும். அந்த வாசிப்பு அற்புதமானது. ஆனால் அது கடைசி இரவில் பதிவானதன்று, 1955 மே 31இல் பதிவானது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்தச் சோகக் கதையை ஒதுக்கிவிட்டுக் கேட்கும்போது அதிலுள்ள குதூகலம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பது என் அனுபவம்.

இனி மோர்கன். சிறுவனாக இருந்தபோதே பிரவுனிடம் சில பாடங்கள் கேட்டவர். 1956இல், பதினெட்டு வயதில், கில்லெஸ்பியின் பெரிய குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பரில் ப்ளூ நோட்டுக்குத் தன் பெயரில் முதல் ஆல்பம் பதிந்தார். பிரவுனின் நினைவாக டெனர் சாக்ஸபோன் கலைஞர் பென்னி கோல்சன் எழுதிய 'ஐ ரிமெம்பர் க்ளிஃபோர்ட்' மெல்லிசையை 1957 மார்ச்சில் மோர்கன் பதிந்தார். பதினெட்டு வயதுப் பையன், தன் ஆசானுக்கான இரங்கற்பாவை, நடுங்காமல், அழுது வடியாமல் வாசிக்கிறான். அந்த ஆண்டு செப்டம்பர் 15இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' பதிவிலும் அவர் இருக்கிறார். இதுவரைக்கும் அவரைப் பிரவுனின் பிள்ளை என்றே சொல்லலாம்.

1958இல் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்த பிறகுதான் அவருடைய சொந்தக் குரல் உடைந்து வெளிவருகிறது. அந்தக் குழுவின் புகழ்பெற்ற 'மோனின்' பதிவான நாள் 1958 அக்டோபர் 30. தற்செயலாக அது பிரவுனின் பிறந்த நாள். அதில் முதல் தனி வாசிப்பு மோர்கனுடையது. பிரவுன் எட்டு ஸ்வரத்தில் அழகாக ஒரு வளைவு போடும் இடத்தில் இவர் ஒரே ஸ்வரத்தை மூன்று நான்கு முறை நாவால் தட்டி, வால்வைப் பாதி மட்டும் அழுத்தி அதை நசுக்கி வழுக்கவிட்டு, சட்டென்று நிறுத்திவிட்டு, ட்ரம்ஸ் பதில் சொல்லக் காத்திருப்பார். தேவாலயத்தில் பிரசங்கி ஒரு வரி சொல்லிச் சபை பதில் தருமே, அந்த முறை. மோர்கனை அடையாளம் காண இதைவிட நல்ல குறி கிடையாது: குறுகிய தொடர்கள், நசுங்கிய ஸ்வரங்கள், துடுக்கு, இடையே விடும் வெற்றிடம்.

1961இல் ஹெராயின் பழக்கத்தால் குழுவை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பினார். மீண்டு வந்து 1963 டிசம்பர் 21இல் பதிந்த 'தி சைட்விண்டர்' அவருடைய வாழ்வையும் ப்ளூ நோட்டின் போக்கையும் மாற்றியது. பத்து நிமிடத்தைத் தாண்டும் அந்தத் தலைப்பு இசை 24 தாள அளவுகளுக்கு நீட்டப்பட்ட ஒரு ப்ளூஸ். பில்லி ஹிக்கின்ஸின் தாளம் காலைச் சும்மா இருக்கவிடாது. தட்டு பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 25ஆம் இடம்வரை ஏறியது, க்ரைஸ்லர் கார் விளம்பரம் ஒன்றிலும் ஒலித்தது. விளைவு, நிறுவனம் அடுத்தடுத்த ஆல்பங்களின் தொடக்கத்தில் இன்னொரு சைட்விண்டரை எதிர்பார்த்தது. அந்த வெற்றிக்கு முன்பே, 1964 பிப்ரவரியில், பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக், சாக்ஸபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர், கிட்டார் கலைஞர் கிராண்ட் க்ரீன் ஆகியோரோடு அவர் பதிந்துவைத்த 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' 1966 வரை அலமாரியில் கிடந்தது. மோர்கன் எழுதியவற்றில் மிக ஆழமானது இதன் தலைப்பு இசைதான் என்பது என் உறுதியான கருத்து. தாளம் நின்று நின்று தொடங்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் துடுக்குப் பையன் எங்கேயும் இல்லை. அது உரிய நேரத்தில் வெளிவந்திருந்தால் அவரைப் பற்றிய பொதுப் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

அவருடைய பிற்காலத்துக்கு ஒரே சான்று போதும்: 1970 ஜூலை 10 முதல் 12 வரை கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் லைட்ஹவுஸ் விடுதியில் பதிந்தவை. முதலில் இரட்டை எல்.பி.யாக, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக நான்கே இசைகளோடு வந்தது. 2021இல் மூன்று இரவுகளும் எட்டு சி.டி.களாக முழுமையாக வெளியாயின. நீண்ட வாசிப்பில் அவர் எப்படிச் சிக்கனமாகக் கட்டி எழுப்புகிறார் என்பதை அதில் பார்க்கலாம். 1972 பிப்ரவரியில், பனி கொட்டிய ஓர் இரவில், நியூயார்க்கின் ஸ்லக்ஸ் விடுதியில், அவரை ஹெராயினிலிருந்து மீட்டு வாழ்வளித்த துணைவி ஹெலனே அவரைச் சுட்டார். ஆம்புலன்ஸ் பனியில் தாமதமானது. அவருக்கு 33 வயது.

லிட்டிலைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மூவரில் மிகக் குறைவாகக் கேட்கப்படுபவர் அவர். சிகாகோ கன்சர்வேட்டரியில் முறையாகப் படித்தவர்; அங்கே ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் சாக்ஸபோன் கலைஞர் சானி ரோலின்ஸோடு தங்கியிருந்தவர். பிரவுனின் குழுவில் இருந்த அதே ரோலின்ஸ். 1958இல் மேக்ஸ் ரோச்சின் குழுவில் சேர்ந்தார். அதாவது, ட்ரம்பெட் கலைஞர் கென்னி டோர்ஹாமுக்கு அடுத்து, பிரவுன் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இருபது வயதில் அந்த நாற்காலி எத்தனை கனமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரவுனின் வட்டமான நாதத்தை மூவரிலும் அதிகமாகக் காப்பாற்றியவர் இவரே. ஆனால் அந்த நாதத்தின்மேல் ஒரு துயரச் சாயை படிந்திருக்கும். பிரவுனின் இசைவரி பியானோ கொடுக்கும் கார்டுகளில், அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளில், வீடு திரும்பி இளைப்பாறும். லிட்டிலுடையது வாசற்படியிலேயே, ஒரு அரைஸ்வரம் தள்ளி, நின்றுவிடும். முரண் ஒலி கூடக் கூட இசையின் உருவம் பெரிதாகிறது என்ற கருத்தை அவரே ஒரு நேர்காணலில் வெளிப்படுத்தியிருக்கிறார். தவறான ஸ்வரம் என்று ஒன்றை அவர் எண்ணவே இல்லை.

1960 ஏப்ரலில் டைம் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர் பதிந்த ஆல்பத்தில் அவர் ஒருவரே ஊதுகருவி வாசிக்கிறார். பாஸில் ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸில் ராய் ஹெய்ன்ஸ். அவருடைய நாதத்தை மட்டும் தனியே கேட்டுப் பழக இதுவே ஏற்றது. அடுத்து, 1961 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கேண்டிட் நிறுவனத்துக்குப் பதிந்த 'அவுட் ஃப்ரண்ட்'. எரிக் டால்ஃபியின் ஆல்டோ சாக்ஸபோன், ஜூலியன் பிரீஸ்டரின் ட்ராம்போன், ரோச்சின் ட்ரம்ஸ் ஆகியவற்றை வைத்து லிட்டில் எழுதியவை வெறும் தொடக்க மெட்டும் தனி வாசிப்பும் கொண்ட வழக்கமான இசைகளாக இல்லை; காலப்பிரமாணம் நடுவே மாறும், பின்னணியில் ஊதுகருவிகள் நெருக்கமாக உரசும். 'மேன் ஆஃப் வேர்ட்ஸ்' இசையில் மற்றவர்கள் பிடித்து நிறுத்தும் நீண்ட ஒலிகளின்மேல் அவர் ஒருவரே பேசிக்கொண்டு போகிறார். ஜாஸ் பதிவுகளில் ட்ரம்பெட் இத்தனை நேர்மையாகத் தனித்து நிற்கும் இடங்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலை 16இல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் டால்ஃபியும் லிட்டிலும் சேர்ந்து நடத்திய குழுவை ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பதிந்தார். பியானோ சுருதி கலைந்திருந்தது. மால் வால்ட்ரன் அதிலேயே கோபுரம் கட்டினார். லிட்டில் எழுதிய 'பீ வேம்ப்', 'அக்ரெஷன்' இரண்டிலும் அவர் பிரவுனின் வேகத்தோடு பிரவுன் போகாத இடங்களுக்கெல்லாம் போகிறார். மூன்று மாதம்கூட ஆகவில்லை: அக்டோபர் 5இல், சிறுநீரகச் செயலிழப்பால் உடலில் நஞ்சேறி, 23 வயதில் இறந்தார். அவர் தன் பெயரில் விட்டுச்சென்றவை நான்கே ஆல்பங்கள். கேண்டிட் நிறுவனமும் விரைவிலேயே நின்றுபோனது. மோர்கனுக்கு ஆண்டுதோறும் தட்டு வெளியிட்ட ப்ளூ நோட் இருந்தது. லிட்டிலின் இசையைக் கடைகளில் வைத்திருக்கவே ஒருவர் இல்லாமல் போனார். அவர் குறைவாக அறியப்படுவதற்கு இசையைவிட இதுவே பெரிய காரணம்.

ஹப்பர்ட்டை அறிய ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்கலாம். 1960 டிசம்பர் 21இல் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கில் 'ஃப்ரீ ஜாஸ்' பதிந்தார்: இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே சமயத்தில், ஸ்டீரியோவின் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய 37 நிமிடம் இடைவிடாமல். கோல்மனின் பக்கத்தில் டான் செர்ரியின் ட்ரம்பெட். மறுபக்கத்தில் டால்ஃபியும் ஹப்பர்ட்டும். அந்தக் கூடத்திலிருந்து புறப்பட்ட டால்ஃபி அன்றே வான் கெல்டரின் கூடத்துக்குப் போய்த் தன் 'ஃபார் க்ரை' ஆல்பத்தைப் பதிந்தார். அங்கே அவரோடு நின்றவர் லிட்டில். ஒரே நாள், ஒரே தோழர், 22 வயதான இரண்டு ட்ரம்பெட்டுகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கார்டுகளே இல்லாத வெளியில்கூட ஹப்பர்ட் கார்டுகள் இருப்பதுபோலவே, தாளத்தை இறுகப் பிடித்து, பளபளப்பாக வாசித்துக்கொண்டு போகிறார். கார்டுகள் இருக்கும் இடத்தில் லிட்டில் அவற்றின் விளிம்பில் நடக்கிறார்.

ஹப்பர்ட்டின் அடையாளம் பலமும் தாவலும். கோல்ட்ரேனோடும் ரோலின்ஸோடும் பழகி, சாக்ஸபோனுக்கு உரிய அகன்ற தாவல்களை ட்ரம்பெட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். நான் முன்பு சொன்ன உதட்டின் வேலையை நினைத்துக்கொண்டால், அதற்கு எத்தனை உழைப்பு வேண்டும் என்பது விளங்கும். உச்ச ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை உதட்டாலேயே அதிரச் செய்து முடிப்பது அவர் கையெழுத்து. 1961இல் மோர்கனுக்குப் பதிலாக ஜாஸ் மெசஞ்சர்ஸில் சேர்ந்தார். அந்தப் பத்தாண்டில் அவர் பங்கேற்ற பதிவுகளை எண்ணினால் வியப்பு வரும்: ஆலிவர் நெல்சனின் 'ஸ்டோலன் மொமென்ட்ஸ்', டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்', ஷார்ட்டரின் 'ஸ்பீக் நோ ஈவில்', ஹான்காக்கின் 'மெய்டன் வாயேஜ்', கோல்ட்ரேனின் 'அசென்ஷன்'. அவர் பெயரில் வந்தவற்றில் 1961 ஆகஸ்டில் பதிந்த 'ரெடி ஃபார் ஃப்ரெடி'யை முதலில் வைப்பேன். அவரும் மோர்கனும் நேருக்கு நேர் நின்று வாசித்ததைக் கேட்க விரும்பினால், 1965 ஏப்ரலில் புரூக்ளினில் பதிவான 'தி நைட் ஆஃப் தி குக்கர்ஸ்' இருக்கிறது. பதிவின் தரம் சுமார், ஆனால் இருவரின் குணமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது.

1970 ஜனவரியில் க்ரீட் டெய்லரின் சி.டி.ஐ. நிறுவனத்துக்குப் பதிந்த 'ரெட் க்ளே' அவரைப் பெரிய கூட்டத்திடம் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு பதிந்த 'ஃபர்ஸ்ட் லைட்' கிராமி விருது பெற்றது. பின்னர் கொலம்பியாவுக்கு மாறி அவர் வெளியிட்டவற்றில் மெருகு உண்டு, உயிர் குறைவு. அவற்றை விரைந்து கடந்துவிடலாம். 1992இல் அவருடைய மேலுதடு கிழிந்து, புண் பழுத்தது. அந்த உதட்டால் அவர் பழைய நிலைக்குத் திரும்பவே முடியவில்லை. 2008 டிசம்பர் 29இல் மறையும்வரை இடையிடையே பதிந்தார், பெரும்பாலும் மென்மையான ஒலியுள்ள ஃப்ளூகல்ஹார்னில். மூவரில் எழுபது வயதைக் கண்டவர் அவர் ஒருவரே. அந்த நீண்ட ஆயுளின் கடைசிப் பதினாறு ஆண்டுகளில் கருவி அவருக்கு அடங்கவில்லை.

தொடங்கும் வரிசையை நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். முதலில் பிரவுனின் 'ஜாய் ஸ்பிரிங்'கைப் பலமுறை, வாயால் முணுமுணுக்க வரும்வரை கேளுங்கள். பிறகு மோர்கனின் 'மோனின்' தனி வாசிப்பு, அதன்பின் 'ஸ்டோலன் மொமென்ட்ஸ்'சில் ஹப்பர்ட் தனியாக வரும் இடம், கடைசியாக 'மேன் ஆஃப் வேர்ட்ஸ்'. ஒவ்வொன்றிலும் தொடர் முடியும் இடத்தை மட்டும் கவனியுங்கள்: மோர்கன் வெட்டி நிறுத்துவார், ஹப்பர்ட் அதிரவிட்டு முடிப்பார், லிட்டில் முடிக்காமல் விட்டுவிடுவார். லிட்டிலின் தட்டுகளைத் தேடும்போது ஒரு சிறு எச்சரிக்கை. அவருடைய கடைசி ஆல்பம் 'புக்கர் லிட்டில் அண்ட் ஃப்ரெண்ட்' என்றும், மறுபதிப்பில் 'விக்டரி அண்ட் சாரோ' என்றும் இரண்டு பெயர்களில் விற்பனையாகிறது. இரண்டும் ஒன்றே, இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள்.